கொல்லிமலைத் திருச்சபை

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறினர் என்று வழிவழியாகக் கூறுவர். இம்மக்களிடையே ஒரு கிறித்தவத் திருச்சபை தோன்றிய வரலாறு அறியத்தக்கது.

1913ஆம் ஆண்டில், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவிலினும் பாப்டிஸ்டு சபையின் தொண்டர்களாக இம்மலையில் குடியேறினர். அந்நாளில் இங்கு மலைக்காய்ச்சல் மிகுதி. அவர்கள் நோயாளர்க்கு மருந்தளித்தனர், பள்ளி நடத்தினர், தச்சுத்தொழில் கற்பித்தனர். நரம்புச் சிலந்தி நோய் குடிநீரால் பரவுவதை விளக்கிக் கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பினர். மக்கள் மருந்தை ஏற்றனர், சமயத்தை ஏற்றிலர். ஆண்டுகள் பல கழிந்தன.

1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவத் தொடங்கிய நச்சுக்காய்ச்சல் இம்மலையையும் விட்டுவைக்கவில்லை. பிராண்டின் பணியை எதிர்த்துவந்த பூசாரி ஒருவரும் நோயுற்றார். பிறர் அணுக அஞ்சிய அவ்வீட்டிற்குப் பிராண்டு தம்பதியர் சென்று பணிவிடை செய்தனர். இறக்குந் தறுவாயில் அவர் தம் மகவை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன் பின்னரே அங்குத் திருச்சபை உருவாயிற்று.

1929ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி காய்ச்சலால் மறைந்தார். எவிலினோ முதுமையிலும் மலைதோறும் சென்று தொண்டாற்றி, 1974ஆம் ஆண்டில் தம் 95ஆம் வயதில் இயற்கை எய்தினார். இம்மலையில் வளர்ந்த அவர்தம் மகன் பால் பிராண்டு, வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்து புகழ்பெற்றார்.

சொல்லால் எழாத அச்சபை, எதிர்த்தவர்க்கும் இரங்கிய அருட்செயலால் எழுந்தது.