உங்களுக்குத் தெரியுமா? எல்லா மண்டையோடும் ஒன்றல்ல!

டொரன்டோ பல்கலைக்கழகத்தில் 1930 முதல் உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர் ஜே.சி.பி. கிராண்ட். 1943இல் வெளிவந்த அவருடைய உடற்கூற்றுப் படநூல் இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர் கையில் இருக்கிறது. அதன் படங்கள் கற்பனையில் வரைந்தவை அல்ல. அறுத்து ஆய்ந்த உண்மையான உடல்களைப் பார்த்து வரைந்தவை. ஆளுக்கு ஆள் மாறும் அமைப்புகளுக்கும் கிராண்ட் அதில் இடம் கொடுத்தார்.

மண்டையோட்டிலேயே எத்தனை மாற்றங்கள்! பிறக்கும்போது நெற்றி எலும்பு இரண்டு துண்டு. நடுவிலுள்ள பொருத்துக்கோடு பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்திலேயே மூடிவிடும். சிலருக்கு முதுமைவரை அப்படியே நிற்கும். அதனால் தொல்லை ஏதுமில்லை. தொல்லை, அப்படிப்பட்டவர் விபத்தில் அடிபட்டு வரும்போதுதான். எக்ஸ்ரேயில் அந்தக் கோடு எலும்பு முறிவுபோலத் தோன்றி மருத்துவரைக் குழப்பக்கூடும். விளிம்பு ரம்பப்பல்போல வளைந்து நெளிந்திருந்தால் பெரும்பாலும் பொருத்துக்கோடு. கூராக, நேராக ஓடினால் முறிவைச் சந்தேகிக்க வேண்டும்.

பொருத்துக்கோடுகளுக்கு நடுவே குட்டி எலும்புகள் முளைப்பதும் உண்டு. டென்மார்க் மருத்துவர் ஓலே வோர்ம் பெயரால் அவற்றை வோர்மியன் எலும்புகள் என்பார்கள். ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. குழந்தைக்குப் பத்துக்கு மேல் இருந்தால், எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோய் உண்டா என்று மருத்துவர்கள் சோதிப்பார்கள்.