நாலடித் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து?

வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967-ல் தொடங்கிய உயிரியல் பூங்காவைப் பார்க்கவும், மழைக்குப் பிறகு அருவியில் நனையவும் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருவது வழக்கம். அருவிக்குக் கீழே ஓடை தேங்கும் பள்ளங்களில் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் விரல் நீள மீன்கள் வெளியே வரும். மரவேர் இடுக்கில் நுழையும், உதிர்ந்த இலையைக் கொத்தும், நிழல் விழுந்தால் ஒரே நொடியில் மறையும். இதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளைக்குக் கூடத்தில் இருக்கும் மீன் தொட்டி போதாமல் போவதில் வியப்பில்லை.

வீட்டில் இருப்பது பெரும்பாலும் இரண்டடித் தொட்டி. அடியில் கலர் கல், பிளாஸ்டிக் செடி, குமிழி விடும் மோட்டார், அதில் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் ஒரு டேங்க் கிளீனர் மீனும். இதை விட்டு, உயிருள்ள செடிகளும் பல வகை மீன்களும் சேர்ந்து வாழும் நாலடித் தொட்டிக்கு மாற நினைப்பவர்கள் முதலில் விலை கேட்பது கண்ணாடிக்கு. கேட்க வேண்டியது தண்ணீரை.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 57 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 255 லிட்டர். நீளம் இரண்டு மடங்குதான், தண்ணீரோ நாலரை மடங்கு. சின்னத் தொட்டியில் ஒரு மீன் செத்து மறைவில் கிடந்தால் மறுநாளே மற்ற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். அதே மீன் பெரிய தொட்டியில் செத்தால் அதன் நஞ்சு நாலரை மடங்கு தண்ணீரில் கரைகிறது. வீட்டுக்காரர் கவனித்து எடுத்துப்போட அவகாசம் கிடைக்கிறது. வெயில் ஏறினாலும் பெரிய தொட்டி மெதுவாகத்தான் சூடாகும். கூடுதல் தண்ணீர் என்பது மீன்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு. இடம் கிடைத்ததே என்று மீன்களையும் நாலரை மடங்கு ஆக்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு அன்றைக்கே தீர்ந்துபோகும்.

எடையையும் மறக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் 255 கிலோ. கண்ணாடி, அடியில் பரப்பும் கல், மரக்கட்டை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் நானூறு கிலோவை நெருங்கும். டிவி ஸ்டாண்டின் மேல் வைக்கிற பொருள் இல்லை இது. தரைத்தளமும் இரும்பு ஸ்டாண்டும் நல்லது. மாடி என்றால் சுவரையொட்டி, தூண் அல்லது பீம் இருக்கும் பக்கமாக வைக்க வேண்டும். பழைய வீடென்றால் கட்டடம் தெரிந்தவரை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டிவிடுவதே சரி.

இனி தண்ணீர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் தொழிலால் வாழ்ந்த ஊர்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்கத் தடவும் உப்பும், பதனிடப் பயன்படும் குரோமியமும் பல்லாண்டுகள் ஆற்றிலும் மண்ணிலும் இறங்கின. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. 2025 ஜனவரியிலும் இதே மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. காவிரித் தண்ணீர் குடிக்க, போர் தண்ணீர் புழங்க என்று இந்தப் பகுதி வீடுகள் பழகியதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது.

மீன் தொட்டியிலும் அந்தக் கதை தெரியும். போர் தண்ணீர் ஊற்றிய தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். தண்ணீர் வற்றி இறங்கிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு போல உதிரும். அதனால் புதுத் தொட்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி வீட்டுத் தண்ணீரை அளந்துவிட வேண்டும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும், குரோமியம் இருக்கிறதா என்று சொல்லாது. தொழிற்சாலைக்கு அருகில் உள்ள கிணறு, போர் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. மீனுக்காகச் செய்யும் அந்தச் சோதனை வீட்டு மனிதர்களுக்கும் உதவும்.

உப்பு கொஞ்சம் கூடுதல் என்றால் வழி இருக்கிறது. 1,200 காட்டும் போர் தண்ணீரோடு 50 காட்டும் ஆர்.ஓ. தண்ணீரைச் சரிபாதி கலந்தால் 625-க்கு வந்துவிடும். ஆனால் வாரம் கால் பங்கு மாற்றினாலே 64 லிட்டர் வேண்டும், ஆர்.ஓ. எந்திரமோ தருவதைவிடக் கூடுதலாகக் கழிவாக விடும். தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் இது மனசுக்கு ஒப்பாது. மழைநீர்தான் இதற்கு நல்ல மாற்று. பத்தடிக்குப் பத்தடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர் தண்ணீர். முதல் மழையில் தூசியைக் கழுவி விட்டுவிட்டு, அடுத்த மழைகளை மூடிய டிரம்மில் பிடித்தால் ஐப்பசி, கார்த்திகையில் தொட்டிக்கு வேண்டியது தாராளமாகச் சேர்ந்துவிடும். தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய தண்ணீர், உப்பு அதிகம் ஏறாததாக இருந்தால், கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம்.

எந்தச் செடி, எந்த மீன் என்பதையும் தண்ணீரே முடிவு செய்யட்டும். அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீரில் பிறந்த நியான் டெட்ராவுக்கும் டிஸ்கஸுக்கும் ஆசைப்பட்டு இங்கே தோற்றவர்கள் பலர். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வோர்ட்டெயில் எல்லாம் கடின நீரை விரும்பும் மீன்கள். நம் நாட்டு ஆறுகளிலேயே உள்ள ஜீப்ரா டானியோவும் ரோஸி பார்பும் கூட்டமாக நீந்தவிட அழகானவை, உடல்வாகும் உறுதி. செடிகளில் வாலிஸ்நேரியாவும், நம் குளங்களில் பாசி என்று ஒதுக்கும் ஹைட்ரில்லாவும் கடின நீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே தங்களுக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும். சிலிண்டர் வைத்துக் கார்பன் டை ஆக்சைடு விட வேண்டியதில்லை. மரக்கட்டையில் நூலால் கட்டிவிடும் அனூபியாஸும் ஜாவா ஃபெர்னும் அதிக வெளிச்சம் கேட்காதவை. கல் வாங்கும்போது மட்டும் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். ஏற்கெனவே கடினமான தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும்.

செடித் தொட்டியை ஒரு கலையாக உலகுக்குக் காட்டியவர் ஜப்பானின் தகாஷி அமானோ. 2015-ல் லிஸ்பன் நகரக் காட்சிசாலையில் அவர் 40 மீட்டர் நீளத்தில், 1,60,000 லிட்டர் தண்ணீரில் ஒரு காட்டையே நட்டார். வீட்டில் அந்த இன்பம் சிறிய அளவில் கிடைக்கிறது. செடிகள் வேர் பிடித்த பிறகு ஒரு நாள், விளக்கு எரிந்து சில மணி நேரத்தில் வாலிஸ்நேரியாவின் இலையோரத்தில் ஊசிமுனையளவு முத்துகள் கோக்கும். செடி விடும் ஆக்சிஜன் அது. ஒவ்வொன்றாகப் பிரிந்து நூல்போல மேலே ஏறும்.

பழைய தொட்டியிலிருந்து புதியதற்குக் குடிமாற்றும்போதுதான் அதிக மீன்கள் சாகின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, கண்ணுக்குத் தெரியாமல் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது தானாக வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இந்தப் பகுதியில் அவசரப்படுவது இன்னும் ஆபத்து. பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகும். கடின நீரில் பிஎச் பெரும்பாலும் அப்படித்தான் ஏறி நிற்கும். எனவே பழைய ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், அழுக்கோடு அப்படியே புதுத் தொட்டியில் பொருத்த வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். செடிகளை முதலில் நட்டு, சில மீன்களை மட்டும் விட்டு, மற்றவற்றை வாரக்கணக்கில் இடைவெளி விட்டுச் சேர்க்கலாம்.

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மேல்மூடியைத் திறந்து நீர்ப்பரப்பில் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்போது ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீரோ சேமித்த மழைநீரோதான் ஊற்ற வேண்டும்.

புதுத் தொட்டி வந்ததும் பழைய மீன்கள் சில மிஞ்சும். குறிப்பாக, வளர்ந்து ஓரடியைத் தாண்டும் டேங்க் கிளீனர். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன், பாவம் பார்த்து ஏரியில் விட்டவர்களால் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜவ்வாது மலையில் பிறக்கும் நாகநதி வறண்டு கிடந்து, வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உழைத்து மீட்ட நதி. அதிலோ அமிர்தி ஓடையிலோ பாலாற்றிலோ ஒரு வளர்ப்பு மீனையும் விட வேண்டாம், செடியையும் வீச வேண்டாம். அமிர்தி காப்புக்காட்டிலிருந்து மீனோ கல்லோ எடுத்து வருவதும் சட்டப்படி குற்றம். மிஞ்சும் மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள்.