பற்றையும் காடாகும்

சில காலத்துக்கு முன் மேல்வகுப்பு மாணவர் சிலரை வன்னிப் பகுதிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வழியிலே வரிவரியாக நின்ற தேக்குமரங்களைக் கண்ட ஒரு மாணவன், "எவ்வளவு அழகான காடு, ஐயா!" என்று வியந்தான். சிறிது தூரம் சென்றதும், முட்செடிகள் பின்னிக் கிடந்த நிலமொன்றைக் காட்டி, "இது வெறும் பற்றை, வெட்டித் துப்புரவாக்கினால் நல்லது" என்றான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. நம்மிற் பலரும் அவ்வாறே எண்ணுகின்றோம். காட்டியலார் வழங்கும் சில சொற்களின் பொருளை அறிந்தால் இவ்வெண்ணம் மாறும்.

முதலாவது சொல் விதானம். திருவிழாக் காலத்திலே கோயில்களில் துணியால் விதானம் கட்டுவதை நாம் அறிவோம். உலர் வலயத்தின் முதிர்ந்த காட்டிலே பாலை, வீரை, கருங்காலி, முதிரை முதலிய மரங்களின் கிளைகள் கூடி அத்தகைய மேற்கட்டி ஒன்றை அமைக்கின்றன. அதன் கீழே சிறு மரங்களும், அவற்றின் கீழே செடிகளும் நாற்றுக்களும் வாழும். இவை கீழடுக்குகள் எனப்படும். விதானம் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றது. வெயிலினின்றும் நிலத்தைக் காக்கின்றது.

இரண்டாவது சொல் உக்கல். உதிர்ந்த இலைகளையும் விழுந்த மரங்களையும் கறையான், பங்கசு, பற்றீரியா முதலியன சிதைத்து மண்ணோடு மண்ணாக்குகின்றன. அவ்வாறு உண்டாகும் கரிய பொருளே உக்கல். எவரும் பசளையிடாமலே காடு தழைப்பது இதனாலேயாம்.

மூன்றாவது சொல் வழிமுறை வளர்ச்சி. சேனைப் பயிர் செய்து கைவிட்ட நிலத்திலே பாலையும் கருங்காலியும் உடனே வந்து நிறைவதில்லை. ஆவரசு, சூரை, காரை, விடத்தல் போன்றவை முதலில் வருகின்றன. வெயிலைத் தாங்கும் இவற்றை முன்னோடித் தாவரங்கள் என்பர். இவற்றின் நிழலிலே மண் குளிர்கின்றது. இவற்றின் கிளைகளிலே பறவைகள் தங்கி விதைகளை இடுகின்றன. பெருமரங்களின் நாற்றுக்கள் பின்னர் அந்நிழலிலே தலைதூக்குகின்றன. பல பத்தாண்டுகள் கழிய, விதானம் மீண்டும் உருவாகின்றது.

இவ்வாறு மீண்டெழும் காட்டுக்கு இரண்டாம் நிலைக் காடு என்று பெயர். இது தோன்றிய முறையைக் குறிக்கும் பெயரேயன்றித் தரத்தைக் குறிப்பதன்று. ஆகவே, என் மாணவன் கண்ட பற்றை பாழ்நிலமன்று. வளர்ந்து கொண்டிருக்கும் காடு. அதனை எரிக்குந்தோறும் வளர்ச்சி மீண்டும் தொடக்கத்திற்கே தள்ளப்படுகின்றது.

அவ்வாறாயின் தேக்கு வரிசைகள் எவை? அவை வனத்தோட்டம் எனப்படும். தேக்கு இலங்கைக்குரிய மரமன்று, பிறநாட்டிலிருந்து வந்தது. ஒரே இனத்து மரங்களை, ஒரே வயதினவாக, மரத்தேவைக்காக நட்டு வளர்ப்பதே வனத்தோட்டம். அதனாற் பயனுண்டு, இயற்கைக் காட்டை வெட்டும் தேவையை அது குறைக்கக்கூடும். ஆனால் பாலைப்பழம் தேடும் கரடிக்கு அங்கே உணவில்லை.

எனினும், தோட்டமும் காட்டுக்குத் துணையாகலாம் என்பதற்கு ஈர வலயத்திலே ஒரு சான்று உண்டு. 1988ஆம் ஆண்டிலே உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனத்தின் மரவினங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளர்பவை. அதன் ஓரத்திலே பைனஸ் தோட்டங்களும் நடப்பட்டிருந்தன. 1990களில் ஆய்வாளர்கள் சில பைனஸ் வரிசைகளை அகற்றி, இடைவெளியிலே அக்காட்டுக்குரிய மரங்களின் நாற்றுக்களை நட்டனர். எஞ்சி நின்ற பைனஸின் நிழலிலே அவை வளர்ந்தன. பிற மரங்களைத் தன் நிழலிலே வளர்க்கும் மரத்தைச் செவிலி மரம் என்பது எத்துணைப் பொருத்தம்!

இவற்றையெல்லாம் அன்று மாணவருக்கு எடுத்துரைத்தேன். திரும்பி வரும் வழியிலே அதே பற்றையை நெருங்கியபோது, முன்னர் பேசிய மாணவன், "ஐயா, இந்தக் காட்டுக்கு எத்தனை வயதிருக்கும்?" என்று வினவினான். கத்தியையும் நெருப்பையும் எடுக்குமுன் நாம் யாவரும் கேட்க வேண்டிய வினா அதுவே.