புல்வெளியில் முதலில் முளைத்தது பேப்பர்

தொடர் – 9

ஊர் என்று ஒன்று இருந்தால்தான் ஊருக்கு ஒரு பேப்பர் வரும். ஆனால் 1885-லிருந்து 1887 வரை மேற்குக் கன்சாஸில் பேப்பர் முந்திக்கொண்டது. சென்ற வாரம் பார்த்தோமே, ரயில் கம்பெனி நிலம் விற்ற கதை, அதே புல்வெளிதான். ஒரு மளிகைக் கடை, ஒரு லாட்ஜ், பாதி தோண்டிய ஒரு கிணறு. தெருக்களெல்லாம் வரைபடத்தோடு சரி. மண்ணோடு வெட்டியெடுத்த புல்கட்டிகளை அடுக்கிக் கட்டிய குடிசைக்குள் ஒருவர் கை அச்சு இயந்திரத்தை இறக்கி, எழுத்துப் பெட்டிகளைப் பரப்பி, முதல் இதழைப் போட்டுவிடுவார். வருங்காலத்தில் இங்கே கல்லூரி வரும், மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் என்று அதில் இருக்கும்.

இதை யார் படித்தார்கள்? அந்த ஊரில் இருந்த சொற்பப் பேருக்கு அங்கே ரயில் நிலையம் இல்லை என்பது நன்றாகவே தெரியும். பேப்பர் அச்சானது இல்லினாய்ஸிலும் ஒஹாயோவிலும் நிலம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்காக. மனை பிரித்து விற்கும் டவுன் கம்பெனிகள் எடிட்டருக்கு இலவசமாக மனை கொடுத்தன, இதழ்களைக் கட்டுக்கட்டாக வாங்கிக் கிழக்கே அனுப்பின. சுருக்கமாக, மனை விற்பனைக்கான பிட் நோட்டீஸ். வாராவாரம் வந்ததால் அதற்குப் பத்திரிகை என்று பெயர்.

ஆனால் டவுன் கம்பெனியின் தயவு நிலையான வருமானம் அல்ல. சந்தாவும் அப்படித்தான். வருடத்துக்கு ஒன்றரை, இரண்டு டாலர். அதற்கும் பலர் சோளமும் கோழியும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். இத்தனைக்கும் கவுன்டிக்குள் வாரப் பத்திரிகைக்குத் தபால் செலவே கிடையாது. 1851-ஆம் வருடத்துச் சட்டம் அந்தச் சலுகையைக் கொடுத்திருந்தது. அப்படியிருந்தும் முந்நூறு நானூறு சந்தாதாரர்களை நம்பி அடுப்பு எரியாது. அடுப்பை எரிய வைத்தது, கண்ணில் படாத ஒரு மூலையில் பொடி எழுத்தில் வந்த ஓர் அறிவிப்பு.

1862-ஆம் வருடக் குடியேற்றச் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் ஆறு மாதம் குடியிருந்துவிட்டு, ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் வீதம் 200 டாலர் கட்டியும் பட்டா வாங்கலாம். எந்த வழியாக இருந்தாலும் கடைசியில் நில அலுவலகத்துக்குப் போய் ‘இறுதி நிரூபணம்’ செய்தாக வேண்டும். பொய் சொல்லி நிலம் பிடிப்பவர்கள் பெருகியதால் 1879-இல் ஒரு சட்டம் வந்தது. நிரூபணம் செய்யப் போகிறவர் அதை முன்கூட்டியே, நிலத்துக்குப் பக்கத்தில் வெளியாகும் பேப்பரில், 30 நாளைக்கு வாரம் தவறாமல் அறிவிக்க வேண்டும். செலவு குடியானவர் தலையில்.

நம் பேப்பர்களில் வரும் கோர்ட் நோட்டீஸ் மாதிரிதான் அதுவும். மேலே நில அலுவலகத்தின் பெயர், பிறகு குடியானவர் பெயர், நிலத்தின் சர்வே அடையாளம்: எந்த செக்‌ஷனின் எந்தக் கால் பாகம், எந்த டவுன்ஷிப், எந்த ரேஞ்ச். கீழே நான்கு சாட்சிகள். இவர் உண்மையாகவே அங்கே குடியிருந்தார், உழுதார் என்று சொல்லக்கூடிய அக்கம்பக்கத்தார். இந்த வாரம் ஒருவருக்குச் சாட்சியாக வந்தவரின் சொந்த நோட்டீஸ் சில வாரம் கழித்து வரும். அதில் முன்னவர் சாட்சி. பேப்பரில் ஊர்ச் செய்தி என்று தனியாக எதுவும் இல்லாவிட்டாலும், இந்த நோட்டீஸ்களை வரிசையாகப் படித்தாலே யாருக்கு யார் பக்கத்து நிலக்காரர் என்பது விளங்கிவிடும்.

கம்பாசிட்டருக்கு இது சொர்க்கம். ஒரு தடவை எழுத்துக் கோத்துவிட்டால் ஐந்து வாரம் கலைக்க வேண்டாம். அடுத்த ஆளின் நோட்டீஸுக்குப் பெயரையும் எண்ணையும் மாற்றினால் போதும். ஆனால் ‘பக்கத்துப் பேப்பர்’ எது என்று தீர்மானித்தவர் நில அலுவலகப் பதிவாளர். அவர் அரசியல் நியமனம். எனவே எடிட்டர் எந்தக் கட்சிக்காரர் என்பது வெறும் கொள்கை விஷயமாக இருக்கவில்லை. ரயில் கம்பெனி கொடுத்த இலவச பாஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயில் கட்டணக் கொள்ளையைக் கண்டித்து எழுதுவது எவ்வளவு சிரமமோ, பதிவாளரின் கட்சியைக் கண்டித்து எழுதுவதும் அவ்வளவு சிரமம்.

இனி உள்பக்கங்களுக்கு வருவோம். கை அச்சு இயந்திரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உருளையால் மை தடவ, இன்னொருவர் தாளை வைத்து மூடி, படுகையை உள்ளே உருட்டி, கைப்பிடியை இழுப்பார். ஒவ்வொரு தாளுக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் இதே வேலை. நாலு பக்கத்தையும் சொந்தமாகக் கோத்து அடிக்க ஒரு ஆளும் ஒரு பையனும் பத்தாது. இதற்கு வழி கண்டுபிடித்தவர் விஸ்கான்சினில் பாரபூ என்ற சிற்றூரில் பத்திரிகை நடத்திய ஆன்சல் நாஷ் கெல்லாக். 1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அவருடைய அச்சகத்து ஆட்கள் படையில் சேரப் போய்விட்டார்கள். அவர் மேடிசன் நகரத்துப் பேப்பர் அலுவலகத்திலிருந்து ஒரு புறம் அச்சான தாள்களை வரவழைத்து, மறுபுறத்தில் மட்டும் தன் ஊர்ச் செய்தியை அடித்தார். 1865-இல் சிகாகோ போய் இதையே தொழிலாக ஆரம்பித்தார்.

வெற்றுத் தாளைவிடக் கொஞ்சம்தான் விலை கூடுதல். இரண்டு பக்கம் நிறைய தொடர்கதை, ஐரோப்பியச் செய்தி, மாட்டுக்கு வரும் நோய்க்கு மருந்து, சிரிப்புத் துணுக்கு. அத்தனையும் இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைத்தது? அந்தப் பக்கங்களில் இருந்த விளம்பரங்களின் பணம் கெல்லாக்குக்குப் போனது. விளம்பரங்களில் பெரும்பகுதி புட்டி மருந்துகள்.

அதில் ஒரு புட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர் ஹாப் பிட்டர்ஸ். நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டரில் ஏசா சோல் என்பவர் தயாரித்தது. சாராயம் கலந்த கஷாயம். விளம்பரத்தைப் படித்தால் அதற்குக் கட்டுப்படாத நோயே இல்லை. பத்திரிகைகளில் விளம்பரத்துக்கு வாரி இறைத்தே சோல் பெரும் பணக்காரர் ஆனார். அந்தப் பணத்தோடு கன்சாஸின் கிரே கவுன்டிக்கு வந்து, ஆர்கன்சா ஆற்றிலிருந்து நூறு மைலுக்குச் சற்றே குறைந்த நீளத்தில் ஒரு கால்வாய் வெட்டினார், இங்கால்ஸ் என்று ஓர் ஊரையும் எழுப்பினார். கவுன்டித் தலைநகர் பக்கத்து ஊரான சிமரனில் இருக்கக் கூடாது, இங்கால்ஸுக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை.

தலைநகர் அமைந்தால் நீதிமன்றம் வரும், வக்கீல்கள் வருவார்கள், லாட்ஜ் நிரம்பும், மனை விலை ஏறும். பேப்பருக்கோ, வரி பாக்கி நிலங்களின் பட்டியல் உள்பட கவுன்டியின் அச்சு வேலை முழுவதும் கிடைக்கும். தலைநகர் கை நழுவினால் அந்த ஊர்ப் பேப்பருக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான். தலைநகர் எது என்று தீர்மானிக்க நடந்த 1887 தேர்தலின் முடிவு தகராறாகி வழக்குக்குப் போனது. 1889 ஜனவரி 12 அன்று இங்கால்ஸ் தரப்பு துப்பாக்கி ஆட்களோடு வண்டி கட்டிக்கொண்டு சிமரனுக்குள் நுழைந்து, கவுன்டிப் பதிவேடுகளைத் தூக்கி வண்டியில் ஏற்றியது. ஊரார் சுட்டார்கள், வந்தவர்களும் சுட்டார்கள். சிமரன்காரர் ஒருவர் செத்தார். பதிவேடுகள் இங்கால்ஸ் போய்ச் சேர்ந்தன. கஷாய விளம்பரத்தில் தொடங்கிய பணம் இந்தச் சண்டையில் வந்து நின்றது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. சோல் அடுத்த வருடமே இறந்தார். கால்வாய் பயன்படவில்லை. 1893-இல் தலைநகர் சிமரனுக்கே திரும்பியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இதற்கிடையே மழை பொய்த்தது. 1886 ஜனவரிப் பனிப்புயலில் மாடுகள் ஏராளமாகச் செத்திருந்தன, 1887-இலிருந்து வறட்சி. 200 டாலர் கட்டிப் பட்டா வாங்கியவர்களில் பலர் அந்தப் பணத்தையே கிழக்கத்தியக் கம்பெனிகளிடம் நிலத்தை அடமானம் வைத்து வாங்கியிருந்தார்கள். வட்டி கட்ட முடியாமல் வண்டியைக் கிழக்கே திருப்பினார்கள். மளிகைக் கடை விளம்பரம் நின்றது. சந்தா சோளமாகக்கூட வரவில்லை.

பொடி எழுத்து நோட்டீஸ் மட்டும் நிற்கவில்லை. அடமானம் மூழ்கிய நிலத்தை ஷெரிஃப் ஏலம் விடுவதற்கு முன் அதையும் பேப்பரில் வாராவாரம் அறிவிக்க வேண்டும். சில வருடம் முன்பு நிரூபணத்துக்குக் கோத்த அதே செக்‌ஷன் எண், அதே டவுன்ஷிப் எண் ஏல நோட்டீஸில் மறுபடி வந்தன. அதற்கும் கூலி உண்டு. ஏலம் போக நிலம் மிச்சம் இருந்தவரை சில பேப்பர்கள் அப்படியே காலம் தள்ளின. பிறகு எடிட்டரும் அச்சு இயந்திரத்தை வண்டியில் ஏற்றினார்.

ஊரே இல்லாமல் போன இடங்களின் பேப்பர்களும் இன்று படிக்கக் கிடைக்கின்றன. கன்சாஸ் வரலாற்றுக் கழகத்தை 1875-இல் தொடங்கியவர்களே மாநிலத்துப் பத்திரிகை ஆசிரியர்கள்தான். தங்கள் இதழ்களை அங்கே அனுப்பிவைத்தார்கள்; கழகம் தைத்துப் பாதுகாத்தது. முப்பாட்டன் எந்த நிலத்தில் உழுதார் என்று தேடி வருகிறவர்கள் தலையங்கத்தைப் புரட்டிவிட்டு, நேரே அந்தப் பொடி எழுத்துப் பத்திக்குப் போகிறார்கள்.

அடுத்த வாரம்: 1895-இல் மூவாயிரம் டாலர் கடன் வாங்கி எம்போரியா ஊர்ப் பேப்பரை வாங்கிய 27 வயது வில்லியம் ஆலன் வைட்.