மனதின் நோய்க்கும் மருந்துண்டு



சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஊர்ச் சகோதரர் ஒருவர் கையில் தண்ணீர்ப் போத்தலுடன் பள்ளிவாசலில் எனக்காகக் காத்து நின்றார்.

"மௌலவி, புள்ள கிடைச்சி இருபத்தஞ்சு நாளாகுது. ராவைக்கு அவவுக்கு நித்திரையே இல்ல. புள்ளையத் தூக்கவும் மாட்டா. சும்மா சும்மா அழுறா. ஏதோ பார்வை பட்டிருக்குப் போல. இதை ஓதித் தாங்க" என்றார்.

ஓதி ஊதிக் கொடுத்தேன். துஆவும் செய்தேன். அத்தோடு என் கடமை முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்து நடந்தவற்றைப் பின்னர்தான் அறிந்தேன். தண்ணீரில் சுகம் காணாதவர்கள் அயலூர் அஸ்மாக்காரர் ஒருவரிடம் போயிருக்கிறார்கள். அவர் ஜின் பிடித்திருக்கிறதென்றார். ஒரு சோடிக் காப்பு ஈட்டுக்குப் போனது. மூன்று மாதங்களும் போயின. பிள்ளைக்கு ஊசி போடப் போன இடத்தில் மிட்வைப் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நித்திரை வருதா? மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு அவள் அழுத அழுகைதான் வழியைத் திறந்தது. அடுத்த வாரம் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டருக்குக் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. செலவானது பஸ் காசு மட்டுமே. அல்லாஹ்வின் உதவியால் இரண்டு மாதத்தில் அவள் தேறிவிட்டாள்.

பின்பொரு நாள் அந்தச் சகோதரர் சொன்ன வார்த்தை என் நெஞ்சில் இன்றும் தைத்துக்கொண்டிருக்கிறது. "காப்புப் போனாப் போகட்டும் மௌலவி. அந்த மூணு மாசம் புள்ளைக்கு உம்மா இல்லாமப் போச்சே!"

நான் ஓதியது தவறல்ல. ஓதியதோடு நிறுத்திக்கொண்டதே தவறு. "நாளைக்கே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். அன்று சொல்லாததை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஈமானில் குறைபாடா?

"தொழுகையும் ஓதலும் சரியாக இருந்தால் இந்த நோய் வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். மகனைப் பிரிந்த துயரில் அழுதழுது பார்வையை இழந்த யஃகூப் நபி (அலை) அவர்களின் ஈமானில் குறை சொல்ல எவருக்குத் துணிவு வரும்? கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே சரித்திரம் அழைக்கிறது. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடும்படி நமக்குக் கற்றுத் தந்த நபி (ஸல்) அவர்களே, எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்காமலில்லை என்றும் அறிவித்தார்கள். அதில் மனதின் நோய் மட்டும் விலக்கா?

நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தார்கள். 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் உடலின் நலத்தையும் மனதின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் அமைத்த மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப் பகுதி இருந்தது. வக்பு வருமானத்தில் நடந்த அங்கே ஏழைக்கும் செல்வருக்கும் வைத்தியம் இலவசம்.

எப்போது வைத்தியரிடம் போவது?

பிள்ளை பெற்ற முதல் நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பல தாய்மாருக்கும் உள்ளதுதான். இரண்டு வாரத்துக்குள் அது தானே அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தால் பொறுத்திருக்க வேண்டாம். பிள்ளை பெற்றவர்கள் மட்டுமல்ல, கணவரை இழந்தவர்கள், தனிமையில் வாடுபவர்கள், பரீட்சைக்குப் படிக்கும் குமர்ப் பிள்ளைகள் எவராயினும், தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, தீராத கவலை, "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் அது வைத்தியம் வேண்டிய நிலை.

யாருக்கும் கேட்காத குரல் காதில் கேட்பது, இரவு பகலாக நித்திரையே இல்லாதிருப்பது, வீட்டாரையே சந்தேகிப்பது, பிள்ளைக்குத் தீங்கு செய்யும் எண்ணம் வருவது போன்றவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

முதற்படி எங்கே?

"மனநோய்" என்றதும் "அங்கொடைக்கா?" என்று பதறுகிறோம். அங்கொடை ஆஸ்பத்திரி 2008 முதல் தேசிய மனநல நிறுவனமாக இயங்குகிறது. ஆனால் பெரும்பாலான நோயாளிகள் அங்கே போகவே தேவையில்லை. போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் பல ஆதார வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக் நடக்கிறது.

கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் முதலில் உங்கள் மிட்வைப்பிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். அங்குள்ள டாக்டர் தேவைப்பட்டால் துண்டு எழுதி மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். ஒரு விடயத்தை மறக்க வேண்டாம். நம் பெண்கள் டாக்டரிடம் "தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடம்பு எரிவு" என்று மட்டும் சொல்லிவிட்டு பெனடோலுடன் திரும்பி வருகிறார்கள். நித்திரையில்லை, மனம் சரியில்லை, அழுகை வருகிறது என்பதையும் வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாததை எந்த டாக்டரும் அறிய மாட்டார்.

மருந்தை விடப் பேச்சுத் துணை வேண்டியவர்களும் உண்டு. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அதற்கும் கட்டணமில்லை. வீட்டை விட்டு வெளியேற முடியாதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். 1974இல் இந்நாட்டில் தொடங்கப்பட்ட சுமித்ரயோ அமைப்பும் கவலையிலிருப்போர் சொல்வதை இரகசியமாகவும் இலவசமாகவும் செவிமடுக்கிறது.

செலவைக் குறைக்க

தனியார் ஆஸ்பத்திரியில் சானல் பண்ணினால்தான் நல்ல வைத்தியம் என்று எண்ணிக் கடன்பட வேண்டாம். கிளினிக் எந்த நாளில் நடக்கிறதென்று முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். நேரத்தோடு போய் இலக்கம் எடுங்கள். கிளினிக் கொப்பியையும் பாவிக்கும் மற்ற மாத்திரைகளையும் கையோடு கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியே வாங்கச் சொன்னால், விலை குறைந்த அதே மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் ஒசுசலவிலும் விசாரியுங்கள்.

மனச்சோர்வுக்குரிய மாத்திரை தலையிடி மாத்திரையைப் போலல்ல. அது வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். சுகம் தெரிந்ததும் நிறுத்திவிடவும் கூடாது. பால் கொடுப்பதையும் கர்ப்பமாயிருப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரமழானில் மருந்தை நீங்களாகக் கைவிடாமல், எந்நேரம் எடுப்பதென்று டாக்டரிடம் முன்னரே கேளுங்கள். நோயாளிக்கு நோன்பில் அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான்.

உயிரை மாய்க்கும் எண்ணம்

"செத்துப் போனால் நல்லது" என்று ஒருவர் சொன்னால் அதை வெறும் பேச்சென்று விட வேண்டாம். "ஹராம்" என்று ஏசி அவரது வாயை அடைக்கவும் வேண்டாம். அருகில் உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள். கிருமிநாசினியையும் மாத்திரைகளையும் கைக்கெட்டாமல் எடுத்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் சேவையும் இலவசந்தான். பொலிசுக்குப் பயந்து ஒளிக்க வேண்டியதுமில்லை. தற்கொலை முயற்சி 1998 முதல் நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றமல்ல.

ஓதிப் பார்ப்பதும் தொடரட்டும். அதற்கு அஸ்மாக்காரர் தேவையில்லை, உம்மாவே பிள்ளையின் தலையில் கைவைத்து ஓதலாம். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், நோயாளியை அடிப்பவர், பெண்ணுடன் தனித்திருக்கக் கேட்பவர், நகை நட்டைக் கேட்பவர் யாராயிருந்தாலும் அவரது வாசலை மிதிக்காதீர்கள்.

கணவன்மாரே, மாமிமாரே! கிளினிக் நாளில் அவளைத் தனியே அனுப்பாமல் ஒருவர் கூடப் போங்கள். ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் அவள் சில மணி நேரமாவது தொடர்ந்து உறங்க வழி செய்யுங்கள். பள்ளி நிர்வாகத்தினரே! பஸ் காசுக்கு வழியில்லாமல் கிளினிக்கை விட்ட ஏழை நோயாளி உங்கள் மஹல்லாவில் இருக்கலாம். அவருக்கும் ஸகாத்தில் உரிமை உண்டு.

சகோதரிகளே, இதை வாசிக்கும்போது ஒரு முகம் உங்கள் மனதில் வந்திருக்கலாம். அது உங்கள் மகளின் முகமாகவோ அடுத்த வீட்டு ராத்தாவின் முகமாகவோ இருக்கலாம், கண்ணாடியில் காணும் உங்கள் முகமாகவும் இருக்கலாம். அந்த மிட்வைப் கேட்ட அதே கேள்வியை இன்றே கேட்டுப் பாருங்கள்: "நித்திரை வருதா? மனசு எப்படி இருக்கு?"

நோயைத் தந்தவனும் அவற்றுக்கு மருந்தைத் தந்தவனுமாகிய அல்லாஹ், நம் வீடுகளில் மௌனமாக வாடும் உள்ளங்கள் அனைத்துக்கும் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.