குதிரைக்கு ஏன் வாந்தி வராது?

கீரிமலையில் நீராடிக் குதிரைமுகம் நீங்கிய இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதை காங்கேசன்துறையில் எல்லோருக்கும் தெரியும். நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளுக்கோ கடும் வறட்சியில் குடிக்கவே நீரில்லை, செத்தவை பல.

ஏன்? நடுத்தரக் குதிரைக்கு நாளுக்கு 25 லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். குறைந்தால் காய்ந்த புல் பெருங்குடலில் இறுகி அடைக்கும். இரைப்பை வாயிலுள்ள தசைவளையம் மிக இறுக்கமானது, அதனால் வாந்தியும் வராது. சிலவகை அடைப்பில் இரைப்பை வெடித்தே விடும்.

அடைப்பை எப்படி அறிவது? காலால் நிலத்தைக் கிளறும், விலாவைத் திரும்பிப் பார்க்கும், புரளும். தாடைக்கடியில் நாடி பாருங்கள்: ஓய்வில் நிமிடத்துக்கு 28–44. அறுபதைத் தாண்டினால் ஆபத்து. தீனியை நிறுத்தி மிருக வைத்தியரை அழையுங்கள். வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

வெளியுதவி குறிகாட்டுவானிலிருந்து படகில்தான் நெடுந்தீவுக்கு வரவேண்டும். ஆகவே வறட்சிக்கு முன்பே தொட்டிகளை நிரப்பி வையுங்கள்.