கேபிளா, வைஃபையா? வயல்வெளி ஆப்புக்கு டீபக்கிங் வழிமுறை

1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இயங்கிவரும் ஒத்தக்கடையில், விவசாயிக்கான ஆப் எழுதுகிறவருக்குச் சோதனைக்களம் வாசலிலேயே இருக்கிறது. மல்லிகை இலையைப் படமெடுத்து நோயைச் சொல்லும் ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறைக்குள் ஒழுங்காக ஓடும் ஆப், பக்கத்திலுள்ள யானைமலை அடிவார வெயிலில் கேமரா திறந்ததும் நின்றுபோகலாம். அந்தப் பிழையைப் பிடிக்கப் போனை லேப்டாப்போடு இணைக்க வேண்டும். எதைக் கொண்டு இணைப்பது என்பதைச் சோதனையின் தன்மைதான் தீர்மானிக்க வேண்டும்.

1. போனைத் தயார் செய்யுங்கள். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' மீது ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். ரெட்மி போன்களில் 'இன்ஸ்டால் வயா யூஎஸ்பி' என்பதையும் ஆன் செய்யவேண்டி வரும்.

2. கேபிளில் தொடங்குங்கள். ஏடிபி என்பது ஆண்ட்ராய்டு டீபக்கிங்குக்கான கட்டளைக் கருவி; டெர்மினலில் 'ஏடிபி டிவைசஸ்' கொடுங்கள். 'அன்ஆத்தரைஸ்டு' என்று வந்தால், போன் திரையில் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறது என்று பொருள். பட்டியலே காலியாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா போகாது. விண்டோஸ் என்றால் அடுத்து டிரைவரைப் பாருங்கள். ஆப் ஓரளவு நிலைக்கும்வரை கேபிளை விடாதீர்கள். இணைப்பு எளிதில் அறுந்துபோகாது, இன்ஸ்டால் வேகமாக முடியும், போனும் சார்ஜில் இருக்கும்.

3. கேபிள் எங்கே உதவாது என்று பாருங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போனில் ஆப் எவ்வளவு பேட்டரி தின்கிறது என்று அளக்க முடியாது. மண் ஈரம் காட்டும் சென்சரை ஓடிஜியில் மாட்டினால் போர்ட் நிரம்பிவிடும். செடிக்குச் செடி குனிந்து படமெடுக்கையில் கேபிள் இழுக்கும். இந்த மூன்று இடங்களிலும் வைஃபைக்கு மாறுங்கள்.

4. வைஃபையில் இணையுங்கள். 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிளே இல்லாமல் இணைக்கலாம். போனும் லேப்டாப்பும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கட்டும். 'வயர்லெஸ் டீபக்கிங்' உள்ளே போய்ப் பேரிங் கோட் கேளுங்கள். ஆறு இலக்க எண்ணும், ஐபி முகவரியும், போர்ட்டும் வரும். அவற்றை 'ஏடிபி பேர்' கட்டளையில் கொடுத்துவிட்டு, 'ஏடிபி கனெக்ட்' கொடுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்: பேர் செய்யும் போர்ட் வேறு, கனெக்ட் செய்யும் போர்ட் வேறு. இரண்டாவது எண் முந்தைய திரையில் இருக்கும். பழைய போன் என்றால் கேபிளில் மாட்டி 'ஏடிபி டிசிபிஐபி 5555' கொடுத்து, கேபிளைக் கழற்றிவிட்டுக் கனெக்ட் செய்யுங்கள்.

5. வயலுக்குத் தனி நெட்வொர்க் வையுங்கள். பல விடுதி, கல்லூரி வைஃபைகளில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். ஆகவே, சோதிக்கும் போனை விட்டுவிட்டு வேறொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, சோதிக்கும் போனையும் லேப்டாப்பையும் அதில் இணைத்துவிடுங்கள். வரப்போடு வெகுதூரம் நடந்து ஜிபிஎஸ் சோதிப்பதானால் ஹாட்ஸ்பாட்டின் எல்லையும் போதாது. லாக் முழுவதையும் ஆப்புக்குள்ளேயே ஃபைலாக எழுதவிட்டு, திரும்பி வந்து கேபிளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. வேலை முடிந்ததும் வயர்லெஸ் டீபக்கிங்கை அணையுங்கள். 2018 பிப்ரவரியில் 'ஏடிபி மைனர்' என்ற தீநிரல், 5555 போர்ட் திறந்துகிடந்த ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளிலும் போன்களிலும் புகுந்து, அவற்றைக் கிரிப்டோ நாணயம் தோண்ட வைத்தது. டீக்கடை, பஸ் நிலைய வைஃபைகளில் வயர்லெஸ் டீபக்கிங்கைத் திறக்கவே வேண்டாம்.

ஆக, எழுதும்போது கேபிள், போன் கையில் நடமாட வேண்டியபோது வைஃபை, தொலைவு கூடினால் லாக் ஃபைல். ஆப்பை விவசாயியிடம் கொடுக்குமுன் ஒரு முறையாவது கேபிளைக் கழற்றிவிட்டு, அவர் பிடிப்பதுபோலவே போனைப் பிடித்து வெயிலில் ஓட்டிப் பாருங்கள்.